இடையில் போன எட்டு வருடம்

பிரிந்த காதலர்கள் மீண்டும் சேரும் நாவல்களில் சில மட்டும் நெஞ்சில் தங்குகின்றன. மற்றவை எங்கே தவறுகின்றன?

தங்கை வீட்டு சோபாவில் அடிபட்ட பையன் படுத்திருக்கிறான். கீழே விழுந்ததில் காறை எலும்பு பிசகிவிட்டது. ஆன் எலியட் பக்கத்தில் மண்டியிட்டு அவனைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அவனுடைய தம்பி, இரண்டு வயதுப் பொடியன், அவள் முதுகில் ஏறித் தொற்றிக்கொள்கிறான். இறங்கு என்கிறாள், கெஞ்சுகிறாள், அதட்டுகிறாள். ஒரு தடவை எப்படியோ இறக்கிவிட்டால் மறுபடியும் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். அறையில் இருக்கும் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே பையனைக் கூப்பிட்டுப் பார்க்கிறார். அவன் அசையவில்லை. திடீரென்று முதுகில் பாரம் குறைகிறது. யாரோ அந்தச் சின்னக் கைகளைக் கழுத்திலிருந்து பிரித்து, பையனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். யாரென்று அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவன்.

நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கேட்க அவனுக்கும் விருப்பமில்லை. பையனோடு சத்தம் போட்டு விளையாடி அவள் பேச முடியாதபடி பார்த்துக்கொள்கிறான்.

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலில் வருகிற காட்சி இது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. இருபத்திரண்டு வயதில் முதல் தடவை படித்தபோது இதை நான் கவனிக்காமலே தாண்டிப் போய்விட்டேன். நாற்பதைக் கடந்து மறுபடி படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபம் தீராத ஒருவன், பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தியின் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் எழுந்து வருகிறான். காதல் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

ஆங்கிலப் பதிப்பாளர்கள் ‘செகண்ட் சான்ஸ் ரொமான்ஸ்’ என்று தனி வகையாகவே விற்கிற நாவல்களுக்கு முன்னோடியாக இந்தப் புத்தகத்தைத்தான் சொல்வார்கள். நம் ஊர் வாசகிகளுக்கும் இந்த வகை பழக்கமானதுதான். பிரிந்து சேரும் கதை. ரமணிசந்திரன் நாவல்கள் கைமாறிக் கைமாறி அட்டை கிழியும் வாடகை நூலகங்களில் வளர்ந்தவள் நான். எங்கள் தெரு முனை நூலகத்தில் எடுத்த ஒரு மாத நாவலின் கடைசிப் பக்கத்தில், எனக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: “இவனைப் போய் ஏன் மன்னிச்சா?” நாவலின் பெயர் மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை. இந்த வகைக் கதை எந்த இடத்தில் ஜெயிக்கிறது, எந்த இடத்தில் விழுகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்துதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

முடிவு தெரிந்த கதை

இந்த நாவல்களைக் கையில் எடுக்கும் யாருக்கும் இருவரும் சேரப்போகிறார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். அதில் குறை ஒன்றும் இல்லை. கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கடைசியில் துரௌபதி கூந்தல் முடிவாள் என்பது தெரியாதா? தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்! எப்படி நடக்கிறது என்பதற்காகத்தான் அந்த உட்காரல்.

பிரிந்து சேரும் கதைக்கு மற்றக் காதல் கதைகளுக்கு இல்லாத ஒரு சுமை உண்டு. முதல் முறை காதலிப்பவர்களிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. பார்த்தார்கள், பிடித்துவிட்டது, போதும். இரண்டாம் முறை அது செல்லாது. அன்று ஏன் பிரிந்தீர்கள்? அந்தக் காரணம் இப்போது எங்கே போயிற்று? இடையில் இருந்த வருடங்களில் நீங்கள் யாராக இருந்தீர்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தாளர் பதில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான நாவல்கள் முதல் கேள்வியிலேயே தடுமாறிவிடுகின்றன.

ஆஸ்டின் அந்தக் கேள்விக்கு எவ்வளவு உறுதியான பதில் வைத்திருந்தார் என்று பாருங்கள். 1806-ல் ஆனுக்கு 19 வயது. ஃபிரெடெரிக் வென்ட்வொர்த்துக்கு 23. கடற்படையில் இருக்கிறான், கையில் காசில்லை, தைரியம் மட்டும் நிறைய. அவளுடைய அப்பா சர் வால்டர், பரம்பரைப் பெருமையே உயிர்மூச்சாக வாழ்கிற மனிதர். அம்மா இல்லை. அம்மாவின் இடத்தில் இருந்து வளர்த்த லேடி ரஸ்ஸல், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்கிறாள். அவள் கெட்டவளும் இல்லை. போர்க்காலம், கப்பல் வேலை, நாளை உயிரோடு திரும்புவானா என்பதே நிச்சயமில்லாத மாப்பிள்ளை. பெண்ணைப் பெற்ற எந்த வீட்டிலும் சொல்லக்கூடிய வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள். அவனுக்கும் இதுதான் நல்லது என்று நம்பி ஆன் விலகினாள். அவன் அதைத் துரோகமாக எடுத்துக்கொண்டான்.

இந்தப் பிரிவில் வில்லன் இல்லை. ஒளித்து வைத்த கடிதம் இல்லை. நியாயமான பயமும் நியாயமான கோபமும் எதிரெதிரே நின்றன. அதனால்தான் எட்டு வருடம் கழித்தும் அது ஆறவில்லை.

மறுபடி சந்திப்பதும் தற்செயல் என்று தோன்றாதபடி அமைத்திருக்கிறார். சர் வால்டர் ஆடம்பரத்தால் கடனில் மூழ்குகிறார், வீட்டை வாடகைக்கு விட வேண்டிய நிலை. 1814-ல் போர் ஓய்ந்ததால் கடற்படை அதிகாரிகள் பணத்தோடு கரை ஏறுகிறார்கள். வாடகைக்கு வரும் அட்மிரல் கிராஃப்டின் மனைவி, வென்ட்வொர்த்தின் அக்கா. எந்தக் குடும்பம் அவனை ஏழை என்று தள்ளியதோ, அந்தக் குடும்பத்து வீட்டிலேயே அவன் அக்கா குடியேறுகிறாள். அவனோ எதிரிக் கப்பல்களைப் பிடித்ததில் கிடைத்த பரிசுப் பணம் 25,000 பவுண்டோடு வருகிறான். காசில்லை என்ற பழைய காரணத்தைக் காலமே தீர்த்துவிட்டது. தீராதது அவன் மனக்காயம் மட்டும். மீதி நாவல் முழுக்க அதைப் பற்றியது.

அடித்துவிட்டு எழுதிய அத்தியாயம்

இந்த வகை நாவல் எழுத நினைக்கும் எவருக்கும் நான் சொல்ல விரும்புகிற பாடம் ஒன்று, ஆஸ்டின் எழுதி முடித்த பிறகு நடந்தது. 1816 ஜூலையில் நாவல் முடிந்துவிட்டது. ஆனால், முடிவு அவருக்குத் திருப்தி தரவில்லை. கடைசிப் பகுதியைத் திருப்பி எழுதி ஆகஸ்டில் முடித்தார். அடுத்த ஜூலையில், 41 வயதில், இறந்துபோனார். நாவல் அச்சில் வந்தது அந்த 1817-ன் டிசம்பர் கடைசியில்.

அவர் கைவிட்ட முடிவு இது. ஆன் தன் உறவினர் எலியட்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று ஊரில் பேச்சு. அது உண்மையானால் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார் அட்மிரல். போய்க் கேட்டு வா என்று வென்ட்வொர்த்தையே அவளிடம் தள்ளிவிடுகிறார். அவன் சங்கடத்தோடு கேட்கிறான். அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், புரிந்துவிடுகிறது, சேர்ந்துவிடுகிறார்கள்.

இதில் தவறு என்ன என்று முதலில் தோன்றாது. கதை முடிகிறது, வாசகிக்கும் சந்தோஷம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: யார் என்ன செய்தார்கள்? அட்மிரல் அனுப்பினார், ஒரு வதந்தி பொய்யென்று தெரிந்தது, தடை விலகியது. எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ சொன்னதால் பிரிந்தவர்கள், இப்போது யாரோ அனுப்பியதால் சேர்கிறார்கள். இருவரும் தாங்களாக ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

திருப்பி எழுதிய முடிவில் அந்த அறையே வேறு. பாத் நகரத்து விடுதி ஒன்று. மேசையில் வென்ட்வொர்த் நண்பனுக்காக ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஜன்னலோரம் ஆனும் அவன் நண்பன் கேப்டன் ஹார்வில்லும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிரிந்தவரை அதிக நாள் நினைத்திருப்பது ஆணா பெண்ணா என்று பேச்சு போகிறது. எல்லாப் புத்தகங்களும் பெண் மனம் சீக்கிரம் மாறும் என்றுதான் சொல்கின்றன என்கிறார் ஹார்வில். புத்தகங்களை எழுதியதெல்லாம் ஆண்கள்தானே, அதைச் சாட்சியாக எடுக்க முடியாது என்கிறாள் ஆன். நம்பிக்கை அற்றுப்போன பிறகும் நேசித்துக்கொண்டே இருப்பது பெண்களால் முடியும் என்கிறாள். குரல் உடைகிறது. பேச்சின் நடுவிலேயே மேசையில் பேனா விழும் சத்தம் கேட்டிருந்தது.

அவள் யாருக்காகப் பேசுகிறாள்? ஹார்வில்லுக்குச் சொல்கிறாள். மேசையில் இருப்பவனுக்குக் கேட்கக்கூடும் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. எட்டு வருடம் வாய் திறக்காதவள், தன் பக்கத்து வழக்கை முதன்முதலாகச் சத்தமாகச் சொல்கிறாள். அவன் அதைக் கேட்டபடியே வேறொரு காகிதத்தை எடுத்து அவளுக்கு எழுதுகிறான். எழுந்து போகிறான். கையுறையை மறந்துவிட்டதாகச் சாக்குச் சொல்லித் திரும்பி வந்து, காகிதங்களுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை உருவி அவள் முன்னால் வைத்துவிட்டு வெளியேறுகிறான். மறுபடியும் ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்க நேரிடலாம். தெரிந்துதான் வைக்கிறான். பயந்து விலகியவள் துணிந்து பேசுகிறாள். கோபித்துப் போனவன் தன்மானத்தை மேசைமேல் வைக்கிறான். இரண்டு பேரும் அன்று எங்கே தவறினார்களோ, அந்த இடத்திலேயே திருத்திக்கொள்கிறார்கள்.

அதற்கும் பிறகு ஒரு பேச்சு இருக்கிறது. அன்று மாலை ஆன் வீட்டு விருந்தில் அவன் கேட்கிறான்: பிரிந்து இரண்டு வருடத்தில், 1808-ல், கையில் கொஞ்சம் பணமும் பொறுப்பில் ஒரு கப்பலும் கிடைத்தபோது உனக்கு எழுதியிருந்தால் சம்மதித்திருப்பாயா? அவள் பதிலில் தயக்கமே இல்லை. அப்படியானால் ஆறு வருடம் வீணாகப் போனதற்குக் காரணம் லேடி ரஸ்ஸல் இல்லை, தன் அகந்தை என்பதை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். ஆனும் எல்லாம் என் தப்பு என்று அழவில்லை. அந்த யோசனை தவறானது, ஆனாலும் தாயின் இடத்தில் இருந்தவள் சொன்னதைக் கேட்ட அன்றைய நான் தவறு செய்யவில்லை என்கிறாள். சேர்ந்துவிட்ட சந்தோஷத்திலும் தன் பத்தொன்பது வயதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வளவு பக்குவமான சமாதானப் பேச்சை நான் வேறு எந்த நாவலிலும் படித்ததில்லை.

தவறாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதானா?

இந்த வகையில் விழுகிற நாவல்களில் பாதிக்கு மேல் விழுவது ஒரே பள்ளத்தில்தான். அவன் வேறொரு பெண்ணோடு நிற்பதைப் பார்த்தாள், அது அவனுடைய அத்தை மகள். அவள் எழுதிய கடிதத்தை அவன் அம்மா கிழித்துப் போட்டாள். ஐந்து வருடம் கழித்து அம்மா படுக்கையில் கிடந்து உண்மையைச் சொல்கிறாள். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்தை முந்நூறு பக்கம் இழுத்தால், வாசகிக்குக் காதலர்கள்மேல் இரக்கம் வராது. எரிச்சல்தான் வரும்.

அப்படியென்றால் தவறான புரிதலை வைத்து எழுதவே கூடாதா? எழுதலாம். அந்தத் தவறு எங்கிருந்து முளைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ (2018) நாவலில் கானல் பணக்கஷ்டத்தில் மாட்டிக்கொள்கிறான். டப்ளினில் அறை வாடகைக்குக் காசில்லை. கோடை விடுமுறைக்குக் காதலி மரியானின் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டால் போதும், அவள் மறுக்கப்போவதில்லை. அவனால் கேட்க முடியவில்லை. அவன் அம்மா அவள் வீட்டில் துப்புரவு வேலை செய்தவள். பணக்கார வீட்டுப் பெண்ணிடம் தங்க இடம் கேட்கும் வார்த்தை அவன் தொண்டையில் நிற்கிறது. ஊருக்குப் போகிறேன் என்கிறான். என்னை வேண்டாம் என்கிறான் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். பிரிந்துவிடுகிறார்கள். ஒரு வாக்கியம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்தான் இதுவும். ஆனால் அந்த வாக்கியத்தைப் பேச விடாமல் தடுத்தது வர்க்கம். அந்த அவமானத்தைச் சிறு வயதில் அனுபவித்தவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படிப்பது கஷ்டமாக இருக்கும்.

2018-ல் வந்த நம் ‘96’ திரைப்படத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் தன்னைத் தேடி வந்தவன் பள்ளியில் காதலித்த ராம் என்பது ஜானுவுக்கு அன்று தெரியாது. தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டாள். பல வருடம் கழித்து ஒரே இரவில் அது தெரியவரும்போது, தெரிந்து என்ன செய்ய? அவளுக்குக் கணவன் இருக்கிறான், குழந்தை இருக்கிறது, காலையில் சிங்கப்பூர் விமானம். அந்தத் தவறான புரிதல் சேர்த்துவைக்கப் பயன்படவில்லை, இழந்தது எவ்வளவு என்று காட்டப் பயன்பட்டது. அதனால்தான் அது நம்மைத் தொந்தரவு செய்தது.

நடுவில் ஒரு குழந்தை நிற்கிறது

இடைப்பட்ட வருடங்களை என்ன செய்வது என்பதில் இன்னொரு வகைத் தோல்வி. பல நாவல்களில் அந்த வருடங்கள் ஒரு வெற்றுக் காகிதம். ‘ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று ஒரு வரி, அதன்பின் இருவரும் முன்பு விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறார்கள். அவள் இன்னும் அதே மல்லிகைப்பூ, அவன் இன்னும் அதே பார்வை. ஏழு வருடத்தில் ஒருவருக்கு வேலை மாறும், உடம்பு மாறும், வீட்டில் ஒருவர் இறந்திருப்பார், பிடித்த பாட்டு பிடிக்காமல் போயிருக்கும். காதல் அப்படியே இருக்கட்டும். காதலிப்பவர்கள் அப்படியே இருக்க முடியாது. மீண்டும் அறிமுகமாக வேண்டும். அந்த அறிமுகத்தை எழுதுவதில்தான் இந்த வகையின் சுவையே இருக்கிறது.

வருடங்களை அழித்துவிட நினைப்பவன் என்ன ஆவான் என்பதை ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில் (1925) எழுதிவிட்டார். டெய்சியைப் பிரிந்து ஐந்து வருடம். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கேட்ஸ்பி பணம் சேர்த்து, அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கிக் காத்திருக்கிறான். ஒரு நாள் அவள் வீட்டில், ஆயா டெய்சியின் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். கேட்ஸ்பி அந்தக் குழந்தையைத் திரும்பத் திரும்ப வியப்போடு பார்க்கிறான். அப்படி ஒரு குழந்தை இருக்கிறது என்பதை அவன் அதுவரை மனசார நம்பவே இல்லை என்று கதை சொல்பவனுக்குத் தோன்றுகிறது. பிறகு நியூயார்க் ஹோட்டல் அறையில், கணவனை ஒருநாளும் காதலித்ததில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லச் சொல்கிறான். அவளால் முடியவில்லை. ஒரு காலத்தில் அவனையும் காதலித்தேன் என்கிறாள். அந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கேட்ஸ்பிக்கு வேண்டியிருந்தது 1917-ன் டெய்சி. 1922-ல் எதிரே இருப்பவளை அவன் பார்க்கவே இல்லை.

இதற்கு நேர் எதிராக மார்க்கேஸின் ‘காலரா காலத்தில் காதல்’ (1985) நாவலை வைத்துப் பார்க்கலாம். ஃப்ளோரென்டினோ அரிஸா காத்திருந்தது 51 வருடம், 9 மாதம், 4 நாள். அவன் இளமைக் காதலி ஃபெர்மினா டாசாவின் கணவர், மாமரத்தில் ஏறிக்கொண்ட கிளியைப் பிடிக்கப்போய் ஏணியிலிருந்து விழுந்து இறக்கிறார். அந்த இரவே இவன் தன் காதலைச் சொல்கிறான். அவள் வீட்டை விட்டு விரட்டுகிறாள், பின்னால் வசவுக் கடிதமும் எழுதுகிறாள். அவன் மாறுவது அதற்குப் பிறகுதான். இளமையில் அவன் எழுதியதெல்லாம் பக்கம் பக்கமாக உருகும் கைக்கடிதங்கள். இப்போது தட்டச்சு கற்றுக்கொண்டு, காதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், வாழ்க்கை, முதுமை, சாவு பற்றித் தனக்குத் தோன்றியதை எழுதி அனுப்புகிறான். துக்கத்தில் இருக்கும் 72 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கடிதங்கள் பயன்படுகின்றன. பழைய காதலியிடம் பேசுவதை விட்டுவிட்டு, எதிரே இருக்கும் விதவையிடம் பேச ஆரம்பித்த பிறகுதான் கதவு திறக்கிறது.

இந்த நாவலை மெச்சும்போது ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. அந்த ஐம்பது வருடக் காத்திருப்பின் கடைசிப் பகுதியில், தன் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமியை அவன் கெடுக்கிறான். ஃபெர்மினா விதவையானதும் அந்தப் பிள்ளையை விலக்கிவிடுகிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். காதல் பெரிது என்று சொல்லி முடிகிற நாவலில், இடைப்பட்ட வருடங்களின் அந்தக் கணக்கு தீர்க்கப்படாமலே நிற்கிறது. எத்தனையோ பேர் கொண்டாடும் அந்தக் கடைசிப் படகுப் பயணத்தை என்னால் முழு மனதோடு கொண்டாட முடிந்ததில்லை.

கதவை யார் திறப்பது?

பிரிந்தவன் திரும்பி வரும்போது எழும் ஊடலைத் தமிழர்கள் ஒரு திணையாகவே வகுத்துவைத்திருந்தார்கள். மருதம். ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாட்டும் ஓரம்போகியார் பாடிய மருதப் பாட்டுகள். பரத்தையிடம் போன தலைவன் வீடு திரும்புகிறான். நேரே உள்ளே வந்துவிட முடியாது. பாணனைத் தூது அனுப்ப வேண்டும், விருந்தினரை முன்னிட்டுக்கொண்டு வர வேண்டும். தோழி வாசலில் நிற்பாள். ‘வாயில் வேண்டல்’, ‘வாயில் மறுத்தல்’, ‘வாயில் நேர்தல்’ என்று துறைகளுக்கே பெயர் உண்டு. அந்த ஏற்பாட்டில் ஆணுக்கு இருந்த சலுகையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மறுப்பதற்கு ஒரு துறையே இருந்தது என்பதைக் கவனியுங்கள். திரும்பி வந்தவன் வாசலில் நிற்க வேண்டும், உள்ளே இருப்பவள் ஏன் மறுக்கிறாள் என்பது பாட்டாகவே பாடப்பட வேண்டும் என்பது மரபாக இருந்தது.

கோவலன் திரும்பி வந்தபோது கண்ணகி மறுக்கவில்லை. சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதோடு இளங்கோ நிறுத்தியிருந்தால், அந்தப் பென்சில் வாசகி சிலப்பதிகாரத்தின் ஓரத்திலும் தன் கேள்வியை எழுதியிருப்பாள். அவர் நிறுத்தவில்லை. மதுரையில், அடைக்கலம் கொடுத்த மாதரி வீட்டில், கண்ணகி சமைத்து இலை போட்டுப் பரிமாறுகிறாள். அவன் சாப்பிட்டு முடித்த பிறகு, தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். வீணரோடு திரிந்தது, பெற்றவர்களுக்குச் செய்த கொடுமை, அவளுக்குச் செய்த சிறுமை. எழுந்து வா என்றதும் வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று உருகுகிறான். கண்ணகி ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் பெற்றோர் முன்னால் நான் வலியை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன், அது அவர்களை இன்னும் வருத்தியது. நல்லவர்கள் செய்யாததை நீங்கள் செய்தீர்கள் என்று நேராகச் சொல்கிறாள். அதன்பிறகுதான் சிலம்போடு அவனை அனுப்புகிறாள். அவர்களுக்குக் கிடைத்த மறுவாழ்வு கொஞ்ச காலம்தான். அதற்குள்ளும் அந்தப் பேச்சு நடந்துவிட வேண்டும் என்று இளங்கோவுக்குத் தோன்றியிருக்கிறது.

இன்றைய நாவல்களுக்கு வருகிறேன். பழிவாங்கக் கல்யாணம் செய்கிறான், சந்தேகப்படுகிறான், கை ஓங்குகிறான். அவள் வயிற்றில் பிள்ளையோடு வெளியேறுகிறாள். ஐந்து வருடம் கழித்து அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் புதிய முதலாளியாக அவனே வருகிறான். பையனுக்கு அவன் கண்கள். உண்மை தெரிகிறது, அவன் அழுகிறான், காலில் விழுகிறான். அவள் கண்ணைத் துடைத்துவிடுகிறாள். ஆங்கில வாசகிகள் இந்தக் கெஞ்சல் காட்சிக்கென்றே தனிப் பெயர் வைத்து, எவன் அதிகம் கெஞ்சினான் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கெஞ்சலில் நம்பிக்கை இல்லை. ஒரு நாள் அழுவது எளிது. சந்தேகப்பட்டவன் சந்தேகப்பட ஒரு வாய்ப்பு வந்தும் நம்புகிறான் என்று காட்டுங்கள். கை ஓங்கியவன் கோபம் தலைக்கேறும்போது கையைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறான் என்று காட்டுங்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடந்த இரவுகளை அவள் எப்படித் தனியாகக் கழித்தாள் என்பதை அவன் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருக்கட்டும்.

சில கதைகளில் சேரவே கூடாது. அடித்தவனிடம் திரும்பிப் போகாமல் இருப்பதும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் மறுவாய்ப்புதான். அதை எழுதும் துணிச்சலும் இந்த வகைக்கு வர வேண்டும். வாசகிகள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். வாடகைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியது ஒரு வாசகிதான்.

மாதா மாதம் குடும்ப நாவல் எழுதுகிறவர்களுக்கும் தினம் ஒரு அத்தியாயமாக இணையத்தில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களைப் படிக்கும் பெண்கள் ஏராளம். பேருந்தில் படிக்கிறார்கள், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது படிக்கிறார்கள். அவர்களில் பலரிடம் வாழ்க்கையில் யாரும் அப்படி மன்னிப்புக் கேட்டதில்லை. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் உங்கள் கதாநாயகிக்கு ஒரு அத்தியாயம் முழுசாகக் கொடுங்கள். அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிக்கட்டும். அவன் என்ன செய்கிறான் என்பதை அதற்குப் பிறகு எழுதுங்கள்.